பன்னிரண்டு பேருக்கு நாலு நாள் சாப்பாடு

மலையேறப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, சாப்பாட்டை நாக்கை வைத்துத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது தப்பு, விளம்பரத்தை நம்பி வெள்ளிக் காகிதப் பொட்டலங்களில் காசைக் கரைப்பது. எங்கள் மலையேற்றக் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் இந்த வகுப்பை நான்தான் எடுப்பேன். வேண்டாமென்றாலும் எடுப்பேன். அவல், வறுத்த வேர்க்கடலை, வெல்லம், பொட்டுக்கடலை மாவு. தீ வேண்டாம், பாத்திரம் வேண்டாம், நாலு நாள் தாங்கும், செலவும் கம்மி. "எங்கே படிச்சே இதெல்லாம்?" என்பார்கள். படிக்கவில்லை. ஒன்பது வயதில், கும்மிடிப்பூண்டியில், எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தேன். அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் என் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரத்தில் தொழிற்பேட்டை. அங்கே ஒரு இரும்புக் கம்பி ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ந்த கம்பி, உருளைகளுக்கு நடுவே பாம்பு மாதிரி சீறி வரும். அதை இடுக்கியால் கவ்வி அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். அதே வேலையில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில்தான் கறிசோறு சாப்பிடுவார். என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து ரயில்வே கேட் வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அந்தக் கோடையில் ஒரு கம்பி தடம் மாறி வந்து அவர் காலில் பாய்ந்துவிட்டது. மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றார்கள். அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று ஆலை சொல்லிவிட்டது. அவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லையாம்.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நாங்க மலைக்குப் போறோம். பன்னெண்டு பேரு. நாலு நாளு. மேல அடுப்பும் கெடியாது, கடையும் கெடியாது. கெட்டுப் போவாத ஐட்டமா, செலவு கம்மியா ஒரு லிஸ்ட்டு போட்டுக் குடு. நீதான இந்த ஊட்ல படிச்ச புள்ள."

"நானும் வருவேன்."

"லிஸ்ட்டு கரெக்ட்டா இருந்தா அடுத்த வாட்டி உன்ன இட்டுக்கினு போறேன்."

அவர்கள் மலைக்குப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு எப்போதும்போல உள்ளே போய், பிறகு வெளியே வராமல் அங்கேயே உட்காருவதுதான் திட்டம். கூட்டாளி இங்கேதான் வேலை பார்த்தார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கும்வரை எழுந்திருக்கப்போவதில்லை. அந்தக் காகிதம் இருந்தால்தான் அவருக்கு வைத்தியமும் நஷ்டஈடும் கிடைக்கும். வெளியிலிருந்து சாப்பாடு வராது, தண்ணீரையும் நிறுத்தலாம். இவ்வளவும் இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மலை, மலை, மலை.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். சமையலறை அலமாரியின் மேல்தட்டு, தகரத்துக்கு ஒரு முழம் கீழே, என் ஆய்வுக்கூடம். அங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். மலை மேல் சூடு தாங்காதாம். எங்கள் புஸ்தகத்தில் மலை குளிராக இருக்கும் என்று போட்டிருந்ததே என்று கேட்டேன். "இது வேற மாதிரி மலை" என்றார்.

சப்பாத்தி இரண்டாம் நாள் செருப்புத் தோல், மூன்றாம் நாள் பச்சைப் பூஞ்சை. புளிச்சோறு இரண்டாம் நாளே நூல் விட்டது. வறுத்த ரவைக்கு வெந்நீர் வேண்டும். பொரி பையை அடைக்குமே ஒழிய வயிற்றை அடைக்காது. கருவாட்டுத் தூள் எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கியது, ஆனால் மாமா ஒரே பேச்சாக வேண்டாமென்றுவிட்டார்.

"வாசன வரக் கூடாது பாப்பா. கொரங்கு மோப்பம் புடிச்சுக்கினு வந்துரும்."

உப்பும் கூடாது, தாகம் எடுக்கும். மிக்சர், காராபூந்தி, ஊறுகாய் மூன்றையும் கனத்த மனதோடு அடித்தேன். மிஞ்சியவை அவல், கடலை, வெல்லம், பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் பேரீச்சம்பழம். பசி தாங்குமா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை முழுக்க அதையே தின்றுவிட்டு வெயிலில் ஓடினேன். சாயங்காலம் தலை சுற்றியது. "புள்ளயப் போட்டு இன்னாத்துக்குடா இப்டி பேஜார் பண்ற?" என்று அம்மா மாமாவைத் திட்டினார். ஆனால் கடலையை வறுத்துத் தோல் நீக்கித் தந்தது அம்மாதான்.

முதுகுப் பைக்குப் பதிலாக ஆளுக்கொரு மூன்றடுக்கு டிபன் கேரியரில் எடுத்துப்போவதாக மாமா சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேலடுக்கில் அன்றைய சோறும் குழம்பும், கீழ் இரண்டு அடுக்கிலும் என் சரக்கு.

"எதுக்கு மாமா மேல சோறு?"

"கேட்டுல தொறந்து பாப்பாங்க."

"மலைக்கு இன்னா கேட்டு?"

"ஃபாரஸ்ட்டு கேட்டு."

சாமான் வாங்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. மூன்று சீட்டு எழுதி மூன்று மளிகைக் கடையில் கொடுக்க வேண்டும், ஷிப்டு முடிந்து வரும்போது மாமா எடுத்துக்கொள்வார். மூன்று கடை எதற்கு என்று கேட்டதற்கு, ஒரே கடையில் வாங்கினால் அவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிடும், பாவம் என்றார். நானோ செலவைக் குறைக்கச் சொல்லி நியமிக்கப்பட்டவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பெரிய கடையில், மொத்தமாக எடுத்தால் மூட்டை விலைக்கே போடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னதும் எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. மூன்று சீட்டையும் அங்கேயே நீட்டினேன். அவர் அவலை நிறுத்துக் கட்டிக் கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா பாப்பா, ஊட்ல கல்யாணமா?"

ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். நல்ல மனிதர் என்றுதான் எங்களுக்கு எண்ணம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அவர் வழியாக உலை கொதித்தது. மலையைப் பற்றிச் சொன்னேன். நாலு நாளும் தீ மூட்டாமலா என்று வாயைப் பிளந்தார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. சப்பாத்தியில் தொடங்கிக் கருவாடுவரை, டிபன் கேரியர் அடுக்குவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் ஆராய்ச்சியை ஒரு பெரிய மனிதர் முழுக்க நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"யார் யாரு போறாங்கோ?"

விரல்விட்டுச் சொன்னேன். பன்னிரண்டாவது பெயர் மறந்துபோயிற்று. அவரே ஒரு பெயரைச் சொல்லி, "இவனா?" என்றார்.

"ஆமா! எப்டி கரெக்ட்டா சொன்னீங்க?"

எந்தக் கிழமை என்றும் கேட்டார். பிறகு அந்தக் கடையிலேயே பெரிய சாக்லேட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வரும் வழியிலேயே தின்று தீர்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மா கேரியரைக் கட்டித் தந்தார். மாமா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எட்டரை மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். ஆலை வாசலில் பன்னிரண்டு பேரை மட்டும் தனியே நிறுத்தி, கேரியர்களின் கீழடுக்குகளை மேசை மேல் கவிழ்த்துக் கொட்டி, கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். அம்மாவிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது அவ்வளவும் என் காதில் விழுந்தது. கேட், மேசை, பாஸ் என்றதும் ஃபாரஸ்ட்டு கேட் என்றே எடுத்துக்கொண்டேன்.

"அப்ப மலைக்குப் போவலியா மாமா?"

"மழ வர்ற மாரி இருக்குன்னு உடல பாப்பா."

நான் அழுதேன். மலை போய்விட்டதே என்று அழுதேன். மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துச் சமாதானம் செய்தார்.

அன்றிரவும் மறுநாளும் மற்றவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சண்டை போட்டார்கள். எவனோ காட்டிக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். கைக்குழந்தைக்காரர் ஒருவர்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம்; அவருக்கு வேலை அவ்வளவு தேவையாக இருந்ததாம். "எம் புள்ள மேல சத்தியமா நான் இல்லடா" என்று அவர் கத்தினார். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

புதன்கிழமை மாமா என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாமென்றார். வீட்டில் அவல் மிச்சம் இருந்தது. பஸ் ஏறி, ஊத்துக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, ஆந்திரா பக்கத்து மலையடிவாரத்துக்குப் போனோம். ஓடையோரமாக ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். வேலை நாளில் மாமா ஏன் மலையில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பாறையில் உட்கார்ந்து, ஓடைத் தண்ணீரில் அவலை ஊறவைத்து வெல்லம் பிசைந்து தின்றோம். என் வாழ்க்கையில் அதைவிட ருசியான எதையும் நான் தின்றதில்லை.

"நல்லா இருக்கா மாமா?"

"சூப்பர் பாப்பா."

"காண்ட்ராக்டர்கூட அதான் சொன்னாரு."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். நான் சொல்லிக்கொண்டே போனேன். மூட்டை விலை, சாக்லேட், பன்னிரண்டாவது பெயரை அவரே சரியாகச் சொன்ன அதிசயம்.

"எல்லாத்தையும் சொன்னியா?"

"எல்லாத்தையும். ரவ ஏன் வேணாம்னுகூட சொன்னேன்."

மாமா ஓடைத் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டார்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட."

"ஏன்?"

"நம்ம லிஸ்ட்டு பாப்பா. சொன்னா காப்பி அடிச்சுருவாங்க."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

இறங்கி வந்த அன்று சாயங்காலமே அவர் வெளியே போனார். அதோடு எங்கள் வாசலில் சண்டை நின்றுபோனது. ஆட்கள் வருவதும் நின்றுபோனது. மாமாவுக்கு அந்தப் பேட்டையில் அதன் பிறகு எந்தக் கேட்டும் திறக்கவில்லை. ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார், இன்றும் ஓட்டுகிறார். இரண்டு வருஷம் முன்பு ஒரு பயணத்துக்கு நான் பை கட்டிக்கொண்டிருந்தபோது, அவல் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அம்மாதான் பேச்சை எடுத்தார்: "உம் மாமன் வாய வெச்சுக்கினு சும்மா இருந்தானா? டீக்கடைல உளறிட்டானாம். அவனே போய் அத்தன பேருகிட்டயும் ஒத்துக்கினான். பன்னெண்டு குடும்பம் வயித்துல அடிச்சிட்டாண்டி." என் கையில் பாதி கட்டிய முடிச்சு. சாக்லேட்டைப் பற்றி அம்மாவிடம் நான் அப்போதும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. மாமாவிடமும் கேட்கவில்லை.

கூட்டாளியை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அரையாண்டு லீவு விட்டிருந்த சமயம். ஸ்டேஷன் வெளியே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார். லுங்கிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. இன்னொன்றை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் எதிரே போய் நின்றார். நான் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உன்ன நம்பித்தான்டா அங்க படுத்துக்கினு இருந்தேன்" என்றார். பிறகு முகத்தை ரயில் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

மாமா திரும்பி வந்து, ஏறாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தன்னை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மலைக்குப் போய்வந்த கோபம் கூட்டாளிக்கு என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோபம் வராதா பின்னே?

"வுடு மாமா," என்றேன். "அவுரு கால் நல்லானதும் அவுரையும் இட்டுக்கினு போலாம். அவருக்கு நான் தனியா ஒரு லிஸ்ட்டு போட்டுத் தரேன்."

மாமா சரி என்றார்.