நாலு வயசுப் பிள்ளைக்கு வண்டி எதற்கு?

நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு வண்டி வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது ஒரு தொழில் என்றால் நம்புவீர்களா? புதுச்சேரியில் சில வருஷம் நான் அதைச் செய்துதான் சாப்பிட்டேன். பொருட்காட்சிக்குப் போய், பாதி வழியில் 'தூக்கு' என்று கை நீட்டும் நாலு வயசுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மீதிப் பாதியை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும்? உங்கள் இடுப்புக்கு முதலில் ஒரு வணக்கம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் வீட்டு எஜமானி மதாமின் பிள்ளையை வண்டியில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் தள்ளிக்கொண்டு போவேன். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறியது. பியானோவை விற்றார்கள், அலமாரியை விற்றார்கள். பிள்ளை வண்டியை மட்டும் வாங்க ஆளில்லை. ஒரு பொருட்காட்சி காண்ட்ராக்டர் அப்படி மிஞ்சிய வண்டிகளைச் சேர்த்து வாங்கினார். வேலை போய் நின்ற என்னையும் அவற்றோடு அழைத்துக்கொண்டு போய், கடற்கரை மைதானத்து வாசலில் ஒரு கொட்டகையில் நிறுத்தினார். மேலே 'பாப்பா வண்டி வாடகைக்கு' என்று பலகை. கைக்குழந்தைகளைக் கொண்டுவர மாட்டார்கள், ஏழு வயசுக்காரன் ஏற மாட்டான். வழக்கெல்லாம் நாலு வயசில்தான் வரும் என்று காண்ட்ராக்டர் முதல் நாளே சொன்னார். அவர் சொன்னவற்றில் சரியாகப் போனது அது ஒன்றுதான்.

பைக்கு ஒரு சவாரி

முதல் வருஷம் வண்டியைப் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், சக்கரத்தை உருட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நம் ஊரில் தூக்குகிற பிள்ளையைத் தூக்குவார்கள், நடக்கிற பிள்ளை நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. காண்ட்ராக்டர் ஓரத்து வண்டியில் சோடா பாட்டில்களை அடுக்கிவைத்து என்னை அவமானப்படுத்தினார்.

அப்போதுதான் கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். இடுப்பில் தடியாக ஒரு நாலு வயசுப் பையன். அவன் கால் அவள் முழங்காலைத் தொட்டது. வண்டி வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல வண்டியாகத் துடைத்துக் கொடுத்தேன். அவள் துணிப்பையை அதில் வைத்தாள், தண்ணீர்ச் செம்பை வைத்தாள், வீட்டுக்காரரின் குடையை வைத்தாள். பையன் இடுப்பிலேயே இருந்தான். "பிள்ளைக்குத்தானே வண்டி?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புள்ளைய தூக்கறதுக்கு நான் இருக்கேன். பைய தூக்கறதுக்கு யாரு இருக்கா?"

வெள்ளைச் சட்டை

இரண்டாவது வருஷத்துக்குள் நான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். 'இவனுக்கு வண்டி வேணுமா, நீயே சொல்லு' என்று பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் பிள்ளையைப் பார்க்கவே மாட்டேன். நாலு வயசுப் பிள்ளை எல்லாமே வாசலில் குதிரை மாதிரி குதிக்கும், சிரிப்புக் கண்ணாடி வரைக்கும் ஓடும், அப்பளக் கடை வாசலில் மடங்கி உட்கார்ந்துவிடும். அதில் பார்க்க என்ன இருக்கிறது? நான் அப்பாவைப் பார்ப்பேன். பழைய வேட்டி, தோளில் துண்டு என்றால் வண்டி வேண்டாம், அந்த மனுஷன் தூக்கிவிடுவான். சலவைச் சட்டை, உள்ளே பனியன், பையில் பேனா என்றால் வண்டி கட்டாயம்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். சட்டை அப்படி ஒரு வெள்ளை. அவர் பெண் வாசலில் தாவிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு வண்டி வேணும் சார்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மான் மாதிரி ஓடுகிற குழந்தையை உட்காரவைத்துச் சோம்பேறி ஆக்குவதா என்று ஒரு சின்ன பிரசங்கம் செய்துவிட்டு உள்ளே போனார். ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்பதற்குள் திரும்பி வந்தார். பெண் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பஞ்சு மிட்டாய் முழுவதும் அவருடைய காலரிலும் முதுகிலும் ரோஸ் நிறத்தில் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புள்ளைக்கி இல்லம்மா. சட்டைக்கி."

நடக்கிறேன் என்றவள்

இந்த வரிசையில் என்னை உலுக்கிய ஒருத்தி உண்டு. பெயர் வள்ளி. நோணாங்குப்பத்துக்காரி. அவளுக்கும் நாலு வயசுதான். அப்பா மீன் வியாபாரம் செய்பவர். அம்மா இடுப்பில் ஒரு தம்பி. வள்ளிக்கு ஒரு காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. மெதுவாக, ஒரு பக்கமாக வீசிப் போட்டு நடப்பாள். மைதானத்தின் கடைசியில், கடல் பக்கமாக, மரக்குதிரை ராட்டினம் இருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வாரமாகச் சோறு தின்னாமல் அடம் பிடித்திருக்கிறாள்.

நான் முதல் தடவையாகப் பிள்ளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். இவளுக்கு வண்டி வேண்டும். காசு கூட வேண்டாம் என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "அது பாப்பா வண்டி. அவன்தான் பாப்பா" என்றாள். அப்பா தோளில் தூக்கிக்கொள்ள வந்தபோதும் கையைத் தட்டிவிட்டாள். நடந்தாள். கூட்டம் இடித்தது, மணல் காலை உள்வாங்கியது, அப்படியும் நடந்தாள். வளையல் கடை வரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டாள், அழவும் இல்லை. குதிரையைப் பார்க்காமலே திரும்பினார்கள். திரும்பும்போது மட்டும் அப்பாவைத் தூக்கவிட்டு முகத்தை அவர் கழுத்தில் மறைத்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நாலு வயசுப் பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே, பிடித்து உட்காரவைத்திருக்கக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டே விட்டேன். அவர் வாசலிலேயே நின்று, அவளுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "நடக்கறேன்னு அது வாயால சொல்லுது. ஒன்னால முடியாதுன்னு நான் எந்த வாயால சொல்றது?"

பொருட்காட்சியின் கடைசி நாளுக்கு மறுபடி கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பி எங்கே?

நம் ஊர் புஷ்வண்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று சக்கரம். பின்னால் ஆள் தள்ளுவான். முன் சக்கரத்திலிருந்து ஒரு நீளமான கம்பி, ஏறி உட்கார்ந்திருப்பவர் கைக்கு வரும். வலது, இடது எல்லாம் அவர் திருப்புவதுதான். தள்ளுகிறவனுக்கு வழியைப் பற்றி அக்கறையே கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷா வந்துவிட்ட பிறகும் கொஞ்சம் புஷ்வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வள்ளி வந்து போன இரண்டொரு நாளில் ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சைகோன் எல்லாம் பார்த்து, பென்ஷனோடு திரும்பியவர்களை அப்படித்தான் சொல்லுவோம். மீசையும் விறைப்புமாக வந்து, மகனைத் தூக்கி வண்டியில் வைத்தார். வைத்தவர் குனிந்து வண்டிக்கு முன்னால் துழாவினார். கீழே பார்த்தார். "கம்பி எங்க?" என்றார். இதில் கம்பி கிடையாது முசே, பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள்தான் திருப்பவேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. நான் கழற்றி ஒளித்துவைத்த மாதிரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

இதைக் கேட்ட முதல் ஆள் அவர் இல்லை. விழுப்புரத்துக்காரர், கடலூர்க்காரர் யாரும் கேட்டதில்லை. புதுச்சேரிக்காரர்கள் மட்டும் ஏழையோ பணக்காரரோ குனிந்து கம்பியைத் தேடுவார்கள். நான் மதாம் வீட்டில் பழகியவள், அதனால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சொல்தா மகனை மறுபடி கீழே இறக்கிவிட்டுச் சொன்னது இது: "ஏறுனவன் கையில கம்பி இல்லன்னா அவன் சவாரி இல்ல. மூட்டை."

வலது பக்கம் நைனா

காண்ட்ராக்டரிடம் கேட்டால் சம்மதிக்க மாட்டார். ஆகவே கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு புஷ்வண்டி பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் முன் சக்கரம் இரண்டையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரே சக்கரமாக வைத்து, உடைந்த புஷ்வண்டியிலிருந்து ஒரு கம்பியை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். பார்க்க லட்சணமாக இல்லை. மதாம் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். பலகையில் 'பாப்பா' என்ற எழுத்தின் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் வள்ளி வந்தாள். அன்று போனால் குதிரை போயிற்று, மறுநாள் கொட்டகை பிரித்துவிடுவார்கள். அவளைக் கூப்பிட்டால் வரமாட்டாள் என்று தெரியும். அதனால் கூப்பிடாமல், வண்டியை அவள் வழியில் நிறுத்திக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் காலை வீசிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இத யாரு ஓட்டறது?" என்றாள்.

"ஏறி ஒக்கார்றவங்கதான்."

"நைனா?"

"நைனா தள்ளுவாரு. நீ திருப்புற பக்கந்தான் அவரு போவணும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பின்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வள்ளி ஏறினாள். யாரையும் தூக்கவிடவில்லை, தானாகவே ஏறினாள். அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல? வலது பக்கம் நைனா, இடது பக்கம் நைனா என்று அதிகாரம். அப்பளக் கடைத் தட்டி ஆடியது. காண்ட்ராக்டரின் கால் கட்டைவிரல் மேல் ஏறி இறங்கியது. கூட்டம் திட்டிக்கொண்டே வழி விட்டது. நொண்டி என்று ஒருவரும் சொல்லவில்லை, 'பாத்து ஓட்டு பாப்பா' என்றுதான் கத்தினார்கள். வளையல் கடையைத் தாண்டிப் போனாள். நான் கொட்டகையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ராட்டினம் வந்தது. அப்பா அவளை ஒரு சிவப்புக் குதிரையின் மேல் உட்காரவைத்தார். சுற்றியது. அவள் குதிரையின் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் இழுத்தாள். இறங்கியதும் நேராக வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். ஒரு வாரம் சோறு தின்னாமல் காத்திருந்த குதிரை எப்படி இருந்தது என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்: "அது நல்லா இல்ல. நான் திருப்புனா திரும்ப மாட்டேங்குது."

காண்ட்ராக்டரின் விரல்

அடுத்த வருஷம் எல்லா வண்டிக்கும் கம்பி வந்துவிட்டது. கொட்டகை வாசலில் நாலு வயசுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. என் தீர்ப்பு மதிப்பிழந்தது அப்போதுதான். மைதானம் முழுவதும் மோதல், கூச்சல், கவிழ்ந்த பொரி. காண்ட்ராக்டர் மறுபடி சக்கரம் ஏறிய கால் விரலில் கட்டோடு வந்து நின்று, திட்டப்போகிறார் என்று நான் பயந்தபோது, பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "தனம், இனிமே புள்ளைங்க வயச கேக்காத. பிரேக்கு புடிக்கத் தெரியுமான்னு கேளு."

அறுபத்திரண்டில் எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறினேன். புஷ்வண்டியும் போயிற்று, அந்த மைதானமும் போயிற்று. வள்ளியின் அதிகாரக் குரல் மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் என் மகன் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தி, "வேணுமாம்மா, நடந்துடுவியா?" என்று தீர்ப்புக் கேட்டபோது, புதுச்சேரிக்காரியான நான் குனிந்து கம்பியைத்தான் தேடினேன்.