வீட்டில் ஆட்டக்கூடாத பூட்டு

வீட்டில் பூட்டை ஆட்டினால் சண்டை வரும் என்பது என் மனைவியின் நம்பிக்கை. தாழ்ப்பாளை ஆட்டினாலும் சண்டை, கத்திரிக்கோலை வெறுமனே வெட்டினாலும் சண்டை. இந்த ஒரு நம்பிக்கையால்தான் ஐம்பத்து மூன்று வயதில் நான் ஊர் முழுக்கச் சந்தேகக் கேஸாக அலைந்தேன்.

ஆரம்பம் ஆபீசில். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் பிரிவில் பீரோ சாவி தொலைந்துபோயிற்று. பூட்டு ரிப்பேர்க்காரர் வந்து இரண்டு கம்பியை விட்டு, நான் டீயை ஆற்றி முடிப்பதற்குள் திறந்துவிட்டார். அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆன்லைனில் கம்பி செட்டும் ஒரு பித்தளைப் பூட்டும் வாங்கினேன். அதைக் கையில் எடுத்த முதல் சாயங்காலமே, "அத வீட்ல வச்சு ஆட்டாதீங்க, எங்கயாவது வெளிய போயி ஆட்டுங்க" என்று மனைவி அனுப்பிவிட்டாள்.

போனேன். ஒரு கம்பியால் லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் உள்ளே இருக்கும் ஐந்து குட்டிப் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டும்; ஐந்தும் நின்றால்தான் பூட்டு திறக்கும். நாலு நிற்கும். ஐந்தாவதைத் தொட்டதும் நாலும் பொலபொலவென்று விழும். மயிரிழையில் வந்து வந்து போகும். அந்த நேரம் பார்த்து எவனாவது பக்கத்தில் வந்து உட்காருவான்.

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்கள் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்கள். சரி, தொலையட்டும் என்று கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி ஒரு கல் பெஞ்சைப் பிடித்தேன். அன்று பௌர்ணமி, கூட்டம் சுற்ற வரும் என்ற ஞாபகம் இல்லை, புத்தி கெட்ட எனக்கு. வெளியூர் அம்மா ஒருவர் தோள்பையை என் மடியிலேயே வைத்தார். ஜிப்பில் சின்னப் பூட்டு.

"சாவி எங்கயோ வுழுந்துடுச்சுப்பா. சீக்கிரம் தொறந்து குடு."

நான் ரிப்பேர்க்காரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆசை விடவில்லை. அரை மணி நேரம் குத்திக் குடைந்தும் அது அசையவில்லை.

"தொழில் தெரியலன்னா எதுக்குக் கடை போடற?" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அடுத்து வேங்கிக்கால் பூங்கா. அங்கே ஒரு போலீஸ்காரர், "யோவ், இன்னா பண்ற?" என்று வந்தார். அடையாள அட்டையைக் காட்டினேன். "கவர்மென்ட் ஸ்டாஃபா? உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்றார். நடைப்பயிற்சிக்கு வந்த எதிர்வீட்டு வாத்தியார், ஓய்வுபெற்றவர், இதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது.

"சண்டை வரக்கூடாதுனு நீ சொன்னதாலதான் வெளிய போனேன்" என்றேன்.

"போயி மானத்த வாங்கினு வந்துட்டீங்க."

"ஒரு நாள் இது உனக்கே உதவும், பாரு."

அதோடு பேச்சு நின்றது. பத்து நாள். சாப்பாடு தட்டில் விழும், வார்த்தை விழாது. அவள் மறுபடி பேச வேண்டும், நான் கற்றது வீண் இல்லை என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் பூங்காவிலிருந்து திரும்பினேன். அவள் எங்கள் கிரில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, கறிவேப்பிலை வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். குரங்கு நுழைந்துவிடும் என்று பூட்டை அழுத்திப் பூட்டியிருக்கிறாள். சாவி உள்ளே ஆணியில் தொங்கியது.

பத்து நாளைக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி: "பையில இருக்குதா அது?"

இருந்தது. மண்டி போட்டேன். என்னுடைய பூட்டைவிடச் சாதாரணப் பூட்டுதான். நாலு பின் நின்றது. பின்னால் ஆள் சேரும் சத்தம் கேட்டது. ஐந்தாவதைத் தொட்டேன், நாலும் விழுந்தது. மறுபடி. மறுபடி. குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பிறகு புகை. "அவசரப்படாதீங்க" என்றாள், அவ்வளவு மெதுவாக. அதற்கே எனக்கு அழுகை வந்தது.

வாத்தியார் சுத்தியலோடு வந்தார். "தள்ளுங்க சார்." மூன்று போடு. பூட்டு தெறித்து விழுந்தது. அவள் உள்ளே ஓடி காஸை அணைத்தாள். நான் வாசலிலேயே, கம்பிகள் சிதறிக் கிடக்க, உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதம் ஊரெல்லாம் பட்ட அசிங்கம், மூன்று போடு. செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காபியோடு ஒரு புதுப் பூட்டையும் என் முன்னால் வைத்தாள். கேட்டுக்குப் புதுசு வாங்கும்போது எனக்கென்று ஒன்று சேர்த்து வாங்கியிருக்கிறாள்.

"இத வச்சுப் பழகுங்க. இங்கயே, ஃபேனுக்குக் கீழ. சண்டை வந்தா வந்துட்டுப் போவுது."

மூன்று வாரமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். தினமும் சமையற்கட்டிலிருந்து குரல் வருகிறது.

"தொறந்துச்சா?"

"இல்ல."

"சரி, தோசை ஆறுது, வந்து சாப்ட்டுட்டுப் பாருங்க."