அண்ணன் ஆடிய ஒரே ஆட்டம்

பேரன் புது கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அந்த வாசனை என்னை முத்தியால்பேட்டை வீட்டுக்கு இழுத்துப் போனது. அங்கே அம்மாவின் தலையணை வரைக்கும் அண்ணனுடைய மட்டை மணக்கும்.

அண்ணன் பந்தும் வீசுவான், மட்டையும் பிடிப்பான். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போன சில வருடங்களில் அவனுக்கு இந்திய அணியிலிருந்து அழைப்பு வந்தது. முதல் ஆட்டம் பம்பாயில். அவன் ரயிலேறிய மறுவாரம் அம்மா டைபாய்டில் படுத்தாள்.

"தந்தி குடுத்தா ஆட்டத்த உட்டுட்டு ஓடியாந்துடுவான். முடியட்டும்" என்றார் அப்பா.

அம்மா என் கையைப் பிடித்தாள். "பாப்பா, அண்ணனுக்குத் தந்தி குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சும்மா. அண்ணன் வந்துகினு இருக்குது."

எனக்குப் பத்து வயது. அப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அம்மா இரண்டு நாள் தெருக்கதவையே பார்த்துக் கிடந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவை எடுத்துப் போனார்கள். அப்பாதான் கொள்ளி வைத்தார். மத்தியானம் எதிர்வீட்டு ரேடியோவில் அண்ணன் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது. கைத்தட்டலும் கேட்டது.

அண்ணன் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினான். அப்பாவின் மழித்த தலையைப் பார்த்ததும் மாலையைக் கழற்றினான். நெடுநேரம் கழித்து என்னிடம் வந்தான்.

"அம்மா என்னக் கேட்டுச்சா?"

"இல்லண்ணே. நெனவே இல்ல."

அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை. மறுபடி வந்த அழைப்பையும் கிழித்துப் போட்டான். அப்பாவோடு அவர் சாகும்வரை பேசவில்லை. அம்மாவைப் பற்றி என்னிடம் மட்டும் பேசுவான். "நெனவில்லாமப் போனதே நல்லது பாப்பா" என்பான்.

போன ஆவணியில் அவனும் போய்விட்டான். நான் கடைசிவரை சொல்லவில்லை.