இடம் மாறிய வெள்ளெலி

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கூண்டக்கா. பத்தொன்பது வருடமாக வெள்ளெலிகளின் கூண்டைக் கழுவி, மரத்தூள் மாற்றி, தண்ணீர்ப் புட்டி மாட்டுகிறவள். வீட்டில் இரண்டு மகள்களின் பெயரையும் மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவாள். கூண்டு எண்ணில் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்கட்டுமே.

இந்தத் தடவை நடந்த சோதனைதான் அவளைக் குழப்பியது. வெள்ளெலிகளை மட்டும் தாக்கும் ஒரு காய்ச்சல். அதன் கிருமியை எல்லாக் கூண்டுக்கும் ஊசியில் ஏற்றினார்கள். பாதிக் கூண்டுகளுக்கு மருந்தும் போட்டார்கள். அந்த மருந்தும் கிருமிதானாம்!

"நோயும் கிருமி, மருந்தும் கிருமின்னா எப்படிம்மா?" என்று சோதனையை நடத்தும் டாக்டரம்மாவைக் கேட்டாள்.

"மருந்துல இருக்கறது குறைப்பட்ட கிருமிக்கா. தனியா பெருக முடியாது. நோய்க்கிருமி தனக்குன்னு சேர்த்து வைக்கறதை இது தின்னுதான் பெருகும், அது பட்டினியில வாடிடும். நோய் இருக்கற வரைக்கும் இதுவும் இருக்கும், நோய் போனா இதுவும் போயிடும். அதனால ஒரே ஊசி போதும்."

"எங்க நாத்தனார் வீட்டுக்காரர் வந்து தங்கற மாதிரி" என்றாள் கூண்டக்கா. டாக்டரம்மா சிரித்தார். இவளும் சிரித்தாள், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள், குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு கூண்டை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். அவசரத்தில் இரண்டைத் திறந்தாள்: மருந்து போடாத பதினேழு, மருந்து போட்ட இருபத்து மூன்று. நான்கு நாள் கழித்துக் அடையாளத்துக்காகப் போட்ட காது வெட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டிலும் ஒவ்வொன்று இடம் மாறியிருந்தது.  யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் மாற்றி வைத்தாள்.

அடுத்த வாரம் மருந்து போடாத கூண்டுகள் எல்லாம் சுருண்டு படுத்தன. பதினேழு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

பழி, எலிகளுக்கு ஊசி போடும் ஊசிக்காரர் தலையில் விழுந்தது. அந்தக் கூண்டுக்கு நோயை ஏற்றவே இல்லை, ஏற்றியதாக எழுதிவிட்டார் என்றார்கள். அவருக்கும் கூண்டக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் தரை துடைத்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர் அவர். "சத்தியமா போட்டேன் மேடம்" என்று ஐம்பது வயதில் கண் கலங்கி நின்றார். வேலை இன்றோடு சரி என்று பேச்சு அடிபட்டது.

கூண்டக்கா கழுவிய கூண்டையே மறுபடி கழுவினாள். சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் அவருடையது. அதுவும் போகட்டும், தான் செய்தது தப்பு என்றால் அந்த எலிகள் ஏன் பிழைத்தன? பிழைத்தது நல்லது என்றால் தனக்கு ஏன் இப்படி உறுத்துகிறது?

கடைசியில் போய்ச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா கவிழ்த்து வைத்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாள் ஒண்ணா இருந்துச்சு?"

"நாலு நாள்மா. மன்னிச்சிடுங்க. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"அக்கா, நோய் பரவற மாதிரி மருந்தும் ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போயிருக்கும் போல!" என்று துள்ளி எழுந்தவர், சட்டென்று முகம் மாறினார். "நாளைக்கு மனுஷங்களுக்குப் போட்டாலும், யாரையும் கேக்காமலே போகும்."

"அது நல்லதாம்மா, கெட்டதாம்மா?"

"எனக்கே தெரியலக்கா."

ஊசிக்காரர் தப்பினார். மறுநாள் கூண்டக்காவுக்கு இரண்டு தாள் வந்தன. அலுவலகத்திலிருந்து வந்தது, கூண்டுகளைக் கலந்ததற்குக் கடும் எச்சரிக்கை. டாக்டரம்மாவிடமிருந்து வந்தது, புது எலிகளில் பத்து ஜோடிக் கூண்டுகளை அதேபோல் கலக்க உத்தரவு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் எலியைக் கையில் எடுத்தாள். மருந்து போட்ட கூண்டின் மூடி திறந்திருந்தது. டாக்டரம்மா குறிப்பேட்டோடு காத்திருந்தார்.

"என்னக்கா, விடுங்க."

"தெரியாம மாத்தினப்ப கை நடுங்கலம்மா" என்றாள் கூண்டக்கா. "நீங்க சொல்லிச் செய்யறப்பதான் நடுங்குது."