கேமரா உறையில் ஒரு ஓட்டை

சனிக்கிழமை காலை வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். கொடைக்கானலுக்கு ஏறக்குறைய நாற்பது மைல். மதுரையின் சித்திரை வெயிலுக்குத் தப்பிவிட்ட சந்தோஷம் போய் இறங்கும்வரைதான் இருந்தது. பஸ் கூரையில் கட்டியிருந்த எங்கள் ஸ்டவ், மூட்டைகளுக்கு அடியில் சிக்கி ஒரு கால் ஒடிந்து கிடந்தது. காப்பி இல்லாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. அந்தக் கோபத்தை டிரைவர், கண்டக்டர், மனைவி மூவருக்கும் வஞ்சனையில்லாமல் பங்கிட்டேன்.

"நாளைக்கு வெள்ளனே சந்தைக்குப் பின்னால போங்க சார். சரி பண்ணித் தருவாங்க," என்றார் விடுதிக்காரர்.

ஞாயிறு காலை போனேன். ஒரு தகரக் கொட்டகை. குடைக்கடை தாவூது பாய், பள்ளிக்கூடத்து மேரி டீச்சர், இன்னும் நாலைந்து பேர். ஊரார் கொண்டுவரும் ஓட்டைக் குடம், கிழிந்த குடை, எரியாத அடுப்பு எல்லாவற்றையும் கூலி வாங்காமல் சரிசெய்கிறார்கள். ஒரே நிபந்தனை: நம் சாமான் சரியானதும், அடுத்தவர் சாமானுக்கு நாம் கூடமாட உதவ வேண்டும். இது என்ன வம்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஸ்டவ்வுக்குக் கால் வைத்தாயிற்று. எனக்கு அடுத்தவர், மலைச்சரிவில் வெகு கீழேயிருக்கும் வெள்ளகவி கிராமத்துக் கருப்பையா. ஒற்றையடிப் பாதையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்துகொண்டு மலையேறி வந்திருந்தார். மறுநாள் விடியுமுன் அவர் மகளுக்கு முகூர்த்தம். ஊருக்கே அந்த ஒரு விளக்குதான்.

"பம்பு அடிச்சா காத்தே ஏற மாட்டேங்குது. வெரசா பாத்து விடுங்கம்மா, வெளிச்சத்துலயே எறங்கணும்."

டீச்சர் பம்பைக் கழற்றினார். "தோல் வாஷர் நைஞ்சு கெடக்கு. புதுசு போட்டாத்தான் காத்து நிக்கும்."

கொட்டகையில் தோல் இல்லை. பாய் கடைவீதியிலும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். நான் பெரிய வள்ளல் மாதிரி என் ஷூவைக் கழற்றி நீட்டினேன். "இதுல வெட்டிக்கங்க."

கருப்பையா விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாங்க சார். சாமி இருக்குற ஊரு. எங்க ஊருக்குள்ள செருப்புக் காலே படாது. பந்தல்ல போயி அந்தத் தோலா?"

அவருடைய வெறுங்கால்களை அப்போதுதான் கவனித்தேன். வெட்கமாகப் போயிற்று.

பாய் என் தோளில் தொங்கிய தோல் உறையைப் பார்த்தார். "சார், அந்தக் கேமராப் பொட்டி?"

கேமரா என் மனைவியின் தம்பியுடையது. கீறல் படக்கூடாது என்று ஆயிரம் முறை சொல்லித்தான் கொடுத்திருந்தான். "இது என் மச்சினனோடது," என்று இழுத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. கருப்பையா மட்டும் வெளியே இறங்கும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"பொட்டித் தோலுன்னா பாதகமில்லையே?" என்று அவரைக் கேட்டேன். தலையசைத்தார். "வெட்டுங்க," என்றேன்.

டீச்சர் உறையின் மூடியில் வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். பம்பு அடித்தது நான். விளக்கு பளீரென்று எரிந்ததும் கொட்டகையே கைதட்டியது. கருப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவருக்கு உதவாமல் எப்படிக் கிளம்புவது என்று அவர் தயங்க, "ஒங்களுக்கும் சேத்து சார் இருப்பாரு, நீங்க கெளம்புங்க," என்று அனுப்பிவைத்தார் பாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! மத்தியானம்வரை யார் யார் குடையையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் மனைவியோடு வட்டக்கானல் தாண்டிப் பாறை முனைக்குப் போனேன். பனி சற்றே விலகியபோது வெகு கீழே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"நம்ம வெளக்குங்க," என்றாள் மனைவி.

மதுரையில் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக் குடம் ஓட்டையானால் பழைய பாத்திரக்காரனுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பியதும் மைத்துனன் உறையின் ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு, "என்ன மச்சான் இது?" என்று குதித்தான்.

"வெள்ளகவிக் கல்யாணத்துக்கு நீ வச்ச மொய்டா," என்றேன்.