விழத் தெரிந்தவள்

நடை பழகும் குழந்தையைப் பார்த்து ‘தத்தக்கா பித்தக்கா’ என்று கைதட்டுகிறோம். வயது ஏற ஏற அந்தச் சொல் பால்பல் மாதிரி தானாக விழுந்துவிட வேண்டும். இவளுக்கு விழவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் இவள் பெயர் தத்தக்கா.

கைகால் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் குற்றம். கதவைத் தாண்டினால் நிலையில் தோள் இடிக்கும், திரும்பினால் முழங்கை எதையாவது தட்டிவிடும். இடித்துக்கொண்டு கதவைத் திட்டினால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்பாள் அம்மா. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இவள் கூடத்துக்குள் நுழைந்தால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. ஆனால் தரையில் இருக்கும் டம்ளரை ஆளுக்கொன்றாகக் கையில் எடுத்துக்கொள்வார்கள். விருந்தாளிகூட இரண்டாவது முறை வரும்போது இதைக் கற்றுக்கொண்டிருப்பார்.

வேலை முட்டை மொத்தக்கடையில். கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். சேர்ந்த புதிதில் ஒரு அட்டை முட்டையோடு தடுக்கி விழுந்து எல்லாவற்றையும் கூழாக்கினாள். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். விழாமல் இருப்பது தன் கையில் இல்லை. எப்படி விழுவது என்பது தன் கையில்தான் இருக்கிறது. அதன்பிறகு கால் தடுக்கினால் சமாளிக்கவே பார்க்கமாட்டாள். முழங்காலை மடக்கி, கையை உயர்த்தி, பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். இடுப்பு வலிக்கும், முட்டை தலைக்கு மேல் பத்திரமாக இருக்கும். மற்றவர்கள் கையிலும் உடையத்தான் உடைந்தது. மேஸ்திரி உடைத்தால் முட்டை ஓடு மெல்லிசு, இவள் உடைத்தால் கை விளங்காது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

தம்பிக்குப் பெண் பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரி தூக்கினாள், பால்காரர்கூடத் தூக்கினார். சொந்த அத்தைக்கு மட்டும் உட்கார்ந்த இடத்தில் மடியில் போடுவார்கள். அப்போதும் தம்பியின் இரண்டு கையும் அடியில் இருக்கும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை ஒரு நடை போய்வர வேண்டும், இவள் ஆசை அவ்வளவுதான். கெஞ்சிக் கேட்க ரோஷம் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை சுவரை விட்டுவிட்டு நடந்தது. நாற்காலியில் இடித்தது, தடுமாறியது, விழுந்தது. கூடமே ‘தத்தக்கா பித்தக்கா’ என்று பாடிக் கைதட்டியது. கதவோரம் நின்றவளுக்கு வயிறு எரிந்தது. இதே நடைதானே என் நடையும்? அவள் விழுந்தால் முத்தம், நான் வந்தால் டம்ளரை ஒளிப்பதா?

குழந்தை எழுந்து நேராக அத்தையிடம் வந்தது. வாரி எடுத்தாள். தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் மிதியடி தடுக்கியது. முழங்கால் மடங்கியது, கை உயர்ந்தது, பொத்தென்று உட்கார்ந்தாள். தலைக்கு மேலே குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

தம்பி முகம் வெளுத்து ஓடிவந்தான். “அக்கா, குடு இப்படி.”

“தரமாட்டேன்.”

“விழுந்துட்டியே.”

“விழுந்தது நான். அவ விழல. எனக்கு விழத் தெரியும்டா. உங்கள்ல யாருக்காவது தெரியுமா?”

இவள் குழந்தையோடு எழுந்தாள். அம்மாவின் கை பழக்கதோஷத்தில் டம்ளரைத் தேடிப் போனது.

“அது அங்கேயே இருக்கட்டும்மா.”

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். இவள் நடந்தாள். டம்ளர் உதைபட்டு உருண்டது, டீ கூடம் முழுக்க ஓடியது.

“யாராவது தொடைங்க” என்று சொல்லிவிட்டு, நிலையில் ஒரு தோளை இடித்துக்கொண்டு, மறு தோளில் குழந்தையோடு தத்தக்கா வாசலுக்குப் போனாள்.