லாத்தா ஒட்டிய நீலத் தட்டுகள்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் ஸலாமும் அன்பும். லாத்தா என்று நாங்கள் அழைத்த எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. தங்கையாகிய நான் எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது, பசை காய்ந்து வெளுத்திருக்கும் அவர்களுடைய விரல்நுனிகள்தான்.

லாத்தா பிறந்தது கீழக்கரையில். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டதால், எங்களை வளர்த்ததில் உம்மாவுக்குச் சரிபாதியாக நின்றவர்கள். நிக்காஹ் முடிந்து மச்சானோடு துபாய்க்கு வந்தார்கள். பின்னால் என்னையும் தம்மோடு அழைத்துக்கொண்டார்கள்.

மச்சானுக்கு வேலை போயிருந்த சமயம், ஊர் திரும்பிய ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போன சாமான்களுக்குள் விரிசல் விழுந்த ஒரு பழைய தட்டு இருந்தது. பாலமும் படகும் மரங்களும் நீலத்தில் அச்சிட்ட தட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் செய்து கப்பலில் வந்தவை அவை. முத்துக் குளித்த காலத்து அரபு வீடுகளில் சுவருக்கு அலங்காரமாக இருந்தவை. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, களிமண் தட்டில் ஒட்டித் தேய்ப்பார்களாம். இதையெல்லாம் லாத்தா பிறகு தேடித் தெரிந்துகொண்டார்கள். அன்று சிரிக்க மட்டும் செய்தார்கள்.

"இங்க பாரு, ஓரத்துல பூக்கொடி சேரவே இல்ல. அவசரத்துல செஞ்சிருக்கான்!"

அதை ஒட்டிப் பழகிய லாத்தா, பர் துபாயில் ஒரு துணிக்கடையின் மூலையில் இப்படிப்பட்ட தட்டுகளைப் பழுதுபார்த்து விற்கத் தொடங்கினார்கள். எங்கள் குடும்பம் நிமிர்ந்தது அந்த மூலையால்தான்.

பெருமழை பெய்த அந்த நாளை மறக்க முடியாது. அல் குசைஸில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தள அறையில் சரக்கு முழுவதும் இருந்தது. உம்மு சாலிம் என்ற அரபுப் பெண்மணி, தம் தாய்வீட்டுத் தட்டுகளை நம்பி ஒட்டக் கொடுத்திருந்ததும் அங்கேதான். முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. மேல்மாடி ரூம்களில் தங்கியிருந்த முதுகுளத்தூர், பரமக்குடிப் பிள்ளைகளுக்கு மழையால் அன்று டூட்டி இல்லை. யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தார்கள்.

"அக்கா, நீங்க படியிலயே நில்லுங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டோம், நாங்க எடுத்துத் தாறோம்" என்றார் முருகேசன் என்ற தம்பி.

"பொட்டிக்கு அடியில கை குடுங்க தம்பி, அட்டை ஊறிப்போயிருக்கும்."

கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகள் மேலே ஏறின. ஒரு பெட்டி மட்டும் முருகேசன் கையில் அடி பிய்ந்தது. உம்மு சாலிமின் பெரிய தட்டு படியில் விழுந்து சிதறியது. சில்லுகளைப் பொறுக்கப் போன அவர் கையிலும் ரத்தம்.

"அக்கா... மன்னிச்சிருங்கக்கா" என்றார்.

"தட்டை விடு. கையைக் காட்டு மொதல்ல" என்று தம் துப்பட்டாவால் கட்டினார்கள் லாத்தா. அப்போதே உம்மு சாலிமுக்குப் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். "தரையில வச்சது என் தப்பு. புள்ளையைக் குத்தம் சொல்லாதீங்க."

தண்ணீர் வடிந்ததும் உம்மு சாலிம் நேரில் வந்தார். "மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினை இல்லை. அந்தப் பையனுக்குக் கை ஆறிவிட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார். எல்லோருக்கும் சோறு கொண்டுவந்திருந்தார். லாத்தா அந்தத் தட்டை ஒட்டினார்கள். ஒரு சில்லு கிடைக்கவேயில்லை. "அந்த நீலம் எனக்கு வராது" என்று அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டார்கள். தட்டு இன்றும் உம்மு சாலிம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பிறகு இதயநோய் லாத்தாவைப் படுக்கையில் தள்ளியது. இரவு பகல் பாராது கவனித்த செவிலியர்களுக்கும், சொந்த மகளைப் பார்ப்பதுபோல் வந்து பார்த்துப் போன உம்மு சாலிமின் வீட்டாருக்கும், துணிக்கடை முதலாளிக்கும், ரத்தம் கொடுத்த தம்பிமார்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பதால், அன்று நடந்ததை மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லாத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது முருகேசன் ஒதுங்கி நின்று, "நானும் தோள் கொடுக்கலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். மச்சான் தாம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்து, "வாங்க தம்பி, இப்படி வாங்க" என்றாராம்.